ஆண்டறிக்கையின் முதல் பக்கம்: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் மற்றவர்களுக்கும்,

ஆண்டு விழாவுக்கான வேலைகள் தொடங்கும்போது, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சிறப்பு விருந்தினருக்கும் அடுத்தபடியாக உங்கள் கூட்டத்தில் பேச்சுக்கு வரும் ஒரு காகிதம் உண்டு. அது தலைமையாசிரியர் மேடையில் வாசிக்கும் ஆண்டறிக்கை. பெரும்பாலான பள்ளிகளில் அதன் அமைப்பு ஒன்றுபோலவே இருக்கும். கலைத் திருவிழாவில் வட்டார அளவில் மாறுவேடப் போட்டியில் முதலிடம், கதை கூறுதலில் இரண்டாமிடம், குடியரசு நாள் பேச்சுப் போட்டியில் பரிசு, மரக்கன்று நட்டது, நன்கொடையாளர் தந்த நாற்காலிகள் என்று பட்டியல் போகும். இவற்றில் எதுவும் கைதட்டலுக்குத் தகுதியற்றதல்ல. கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வந்த ஏழு வயதுப் பிள்ளை நூறு பேர் முன்னால் நின்று தடுமாறாமல் கதை சொல்வது பெரிய காரியம். ஆனால் அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கையில் பெயர் வருவது ஐந்து பேருக்கோ எட்டுப் பேருக்கோதான். மற்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளும் அந்த ஆண்டு முழுக்கப் பள்ளிக்கு வந்தார்கள், படித்தார்கள், எங்கோ ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு நகர்ந்தார்கள். அந்த நகர்வைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இந்த ஆண்டு முதல் அறிக்கையின் முதல் பக்கத்தை அந்த அறுபது பேருக்கும் பொதுவான சாதனைக்கு ஒதுக்குங்கள். போட்டிப் பரிசுகள் இரண்டாம் பக்கத்தில் வரட்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இதை ஆசிரியர்களிடம் கேட்காமல் உங்களிடம் கேட்பதற்குக் காரணம் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுதான் உங்கள் குழுவை உருவாக்கியது. உறுப்பினர்களில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்று அது சொல்கிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் உங்கள் கடமைகள். அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியருக்கு விதிக்கும் கடமைகளைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட வேண்டும், தேவைப்படும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும், பெற்றோரைத் தவறாமல் கூட்டி வருகையையும் கற்றலில் ஏற்பட்ட முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. போட்டிப் பரிசுகளைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி இருக்கிறது. ஆகவே நான் கேட்பது புதிய கோரிக்கை ஒன்றுமில்லை. ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டிய தகவல் அது.

போட்டியில் வெல்லாத பிள்ளைகளின் சாதனை என்று ஒன்று உண்டா, அது அளக்கக்கூடியதா என்ற கேள்வி எழலாம். சமீப காலத்திலேயே மிகத் தெளிவான சான்று இருக்கிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை நேரடியாகச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பார்த்தபோது, 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் மொழியில் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இன்னும் கூடுதலாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது அந்தப் பின்னடைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரியாகியிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலை நேரத்தில் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்பு அது. அவர்களில் பெரும்பாலோர் உங்கள் ஊர்ப் பெண்கள்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பத்தாண்டில் செய்த ஆகப் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதற்குக் கேடயம் கிடையாது, சான்றிதழ் கிடையாது, செய்தித்தாளில் படமும் வரவில்லை. முதலிடம் பிடித்தவர் என்று யாரும் இல்லாததால் மேடையில் ஏற்றிப் பாராட்டவும் ஆளில்லை. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகள் இழந்ததை மீட்டெடுத்தார்கள் என்பதே அதன் பெருமை. நம் அறிக்கைகளின் அமைப்பில் இப்படிப்பட்ட சாதனையை எழுதிவைக்க இடமே இல்லாததால் அது நடந்ததே ஊருக்குத் தெரியாமல் போயிற்று.

மீட்சி ஒரு பக்கம் இருக்க, நாம் நிற்கும் இடத்தையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் அசர் ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடப் பகுதியைப் படிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். 2022-ல் அது ஐந்துக்கும் கீழே இறங்கியது. 2024-ல் பன்னிரண்டை ஒட்டி ஏறியது. ஐந்தாம் வகுப்பில் அதே பகுதியைப் படிப்பவர்கள் 2018-ல் நாற்பது பேர் அளவிலும் 2022-ல் இருபத்தைந்து பேர் அளவிலும் 2024-ல் முப்பத்தைந்து பேருக்குச் சற்று மேலும் இருந்தார்கள். இந்த ஆய்வில் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டின் பிள்ளைகளும் உண்டு; அதன் முறையைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஒரு சில புள்ளிகள் முன்பின்னாக இருந்தாலும் அது காட்டும் திசையை மறுக்க முடியாது. சரிந்து, பிறகு ஏறியிருக்கிறோம். ஏறிய பிறகும் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மூன்று வகுப்புக்குக் கீழே உள்ள பாடத்தைத் தடையின்றிப் படிக்க இயலாமல் ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள். அங்கே அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள் காத்திருக்கின்றன. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் புத்தகங்கள் திறப்பதே இல்லை. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நின்றுபோகும் பிள்ளையின் கதை பலமுறை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தச் சதவீதங்கள் மாநிலத்துக்கானவை. உங்கள் பள்ளியின் எண் எது என்பது உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை அறியப் பெரிய படிப்பு தேவையில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். அது படிப்பா மனப்பாடமா என்பது அப்போது தெரியாது. பத்தியின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து இது என்ன என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை பத்தியின் முதல் சொல்லுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து சொல்லிக்கொண்டே வரும். இல்லாவிட்டால், அது பார்த்திராத ஒரு சிறு கதையை எடுத்து நான்கு வரி படிக்கச் சொல்லுங்கள். கெ, கே, கொ, கோ வரும் இடங்களில் தயங்குகிறதா, கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் நிற்கும்போது மூன்றையும் தனித்தனியாகப் படிக்கிறதா என்று பாருங்கள். முடித்த பிறகு கதையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதிலேயே முழு முயற்சியும் செலவாகியிருந்தால் பதில் வராது. கணக்குக்கு 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 25 என்று எழுதினால், அந்தப் பிள்ளைக்குக் கழித்தலே தெரியாது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒன்றின் இடத்தில் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, பத்தின் இடத்தில் ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து இரண்டு என்று ஒழுங்காகவே செய்திருக்கிறது. ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றும் ஒரே ஒரு படி அதற்குப் புரியவில்லை. அந்தப் படியைக் குச்சிக் கட்டுகளை வைத்துச் சில நாட்களில் புரியவைக்க முடியும். யாருக்கு எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது என்பது தெரிந்தால்தான் அது நடக்கும்.

ஆசிரியர்களிடம் இந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஜூன் மாதம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளும், அடுத்த ஆண்டு முதல் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் கற்கிறார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல், எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பதே அதன் அடிப்படை. பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் இதில் கற்பிக்கும் வழிகளாக உள்ளன. 2023-ல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆகவே உங்களுக்காகத் தனித் தேர்வு எதுவும் வைக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் அரும்பில் எத்தனை பேர் இருந்தார்கள், மார்ச் மாதம் எத்தனை பேர் இருக்கிறார்கள், மலருக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்ற கணக்கை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னால் போதும். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் கற்றுவிட வேண்டும் என்பதற்கு இத்திட்டம் வைத்த இலக்கு ஆண்டு 2025. அந்த ஆண்டு கடந்துவிட்டது. நம் பள்ளியில் அது நிறைவேறியதா என்று கேட்கும் உரிமை முதலில் உங்களுடையது.

முதல் பக்கத்தை இப்படி மாற்றுவதற்கு எதிராகச் சொல்லப்படுபவை சாதாரணமானவை அல்ல. முதலாவது, அரசுப் பள்ளியின் பெயர் வெளியே தெரிவதே பரிசுகளால்தான் என்பது. பக்கத்து ஊரிலிருந்து தனியார் பள்ளி வேன் வந்து வாசலில் நின்று பிள்ளைகளை ஏற்றிப் போகிற காலத்தில், மாவட்ட அளவில் முதலிடம் என்ற பதாகை சேர்க்கைக்கு உதவுகிறது என்று தலைமையாசிரியர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும் என்ற கவலையும் நியாயமானது. ஆனால் வேனில் ஏற்றுவதா வேண்டாமா என்று ஒரு தாய் முடிவுசெய்யும்போது அவர் பார்ப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையை. அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை பேருந்துப் பலகையைப் படிக்கிறதா, கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறதா என்பதைத் தெருவே பார்க்கிறது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் இருபது பேரில் பதினெட்டுப் பேர் தமிழில் எந்தக் கதையையும் தாமாகப் படிக்கிறார்கள் என்று ஒரு பள்ளி மேடையிலேயே சொல்லி, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று பிள்ளைகளை முன்னால் நிறுத்த முடிந்தால், அதற்கு ஈடான விளம்பரம் எந்தப் பதாகையிலும் இல்லை. தனியார் பள்ளிகளிலும் இப்படி எண்ணிச் சொல்லும் வழக்கம் அரிது.

இரண்டாவது மறுப்பு எனக்கு மிகவும் உடன்பாடானது. வாசிப்பும் கணக்கும் மட்டுமா கல்வி, ஆடலும் பாடலும் ஓவியமும் விளையாட்டும் பிள்ளைக்கு வேண்டாமா என்பது. வேண்டும், கட்டாயம் வேண்டும். கலைத் திருவிழா 2024-25 கல்வியாண்டில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கும் விரிவானது நல்ல முடிவு. மழலையர் பாடல், வண்ணம் தீட்டுதல், களிமண் பொம்மை, கதை கூறுதல் எல்லாம் அந்த வயதுக்கு ஏற்ற கலைகள். நான் கேட்பது, அங்கும் அதே கேள்வியை எழுப்புங்கள் என்பதைத்தான். எத்தனை பேர் வென்றார்கள் என்பதற்கு முன்னால் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். பள்ளி அளவிலான போட்டியே இரண்டு மூன்று கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் சடங்காக முடிந்துவிட்டால், களிமண்ணைத் தொட்டே பார்க்காமல் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள். அதே பிள்ளை பேச்சிலும் பாட்டிலும் நாடகத்திலும் ஆண்டுதோறும் மேடையேறுவதும், அதே பிள்ளைகள் ஆண்டுதோறும் கீழே உட்கார்ந்து கைதட்டுவதும் கலைக் கல்வி ஆகாது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை மேடையில் ஏறியதா, வெளிமாநிலத்திலிருந்து செங்கல் சூளைக்கும் ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை ஏறியதா என்பதையும் முதல் பக்கத்தில் எழுதலாம்.

மூன்றாவதாக, பின்தங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கையை ஊரறியச் சொன்னால் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் அவமானம் என்றும், அவமானத்துக்குப் பயந்தால் எண்கள் பொய்யாகும் என்றும் சொல்வார்கள். இதுதான் மிகக் கனமான மறுப்பு. எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் செயலியில் பதிவேற்றுவதற்கே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு. மேலிடத்துக்குப் போகும் எண் எப்போதும் அழகாக இருக்க வேண்டும் என்ற அழுத்தமும் உண்மை. அதனால்தான் இந்தக் கணக்கு மேலே போகும் படிவமாக இருக்கக் கூடாது என்கிறேன். பெற்றோரிடம் வரும் பக்கமாக மட்டும் அது இருக்கட்டும். பிள்ளையின் பெயர் எந்த இடத்திலும் வேண்டாம். வகுப்பின் எண்ணிக்கை போதும். தன் பிள்ளையின் நிலையை அந்தந்தப் பெற்றோர் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும். இன்னொரு பள்ளியோடு ஒப்பிட வேண்டாம். இதே பிள்ளைகள் ஜூன் மாதம் எங்கே இருந்தார்கள் என்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள். அரும்பில் பன்னிரண்டு பேர் இருந்து அவர்களில் எட்டுப் பேர் மேலே வந்திருந்தால், மீதி நான்கு பேரைக் காட்டி ஆசிரியரைக் குடையாமல், அந்த எட்டுப் பேருக்காக மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்துங்கள். எண் பொய்யா என்று அறிய உங்கள் காதே போதும். மாதக் கூட்டம் நடக்கும் அன்று ஏதாவது நான்கு பிள்ளைகள் வந்து உங்களுக்கு ஒரு கதை படித்துக் காட்டட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளை திக்குகிறதா, கதையைச் சொல்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

இப்படிக் கேட்பது ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக முடிந்துவிடக் கூடாது. அதைத் தடுக்க வேண்டியவர்களும் நீங்கள்தான். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. அதன்படி நடக்கும் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மூன்று வகுப்புகளையும் இன்னொருவர் இரண்டு வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துப் பார்க்கிறார். தலைமையாசிரியர் அவர்களில் ஒருவர்தான். அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போன நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். எண்ணிக்கை தெரிந்தால் இந்தக் குறையைப் பெயர் சொல்லிக் கேட்க உங்களுக்கு ஆதாரம் கிடைக்கிறது. இரண்டாம் வகுப்பில் ஏழு பேர் இன்னும் எழுத்துக் கூட்டுகிறார்கள், அவர்களுக்காக மாலையில் ஒரு தன்னார்வலர் வேண்டும் என்று தீர்மானம் போடலாம். காலியிடம் நிரப்பப்படாத பள்ளியில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதும் கடிதத்தில், ஆசிரியர் இல்லாத இந்த ஐந்து மாதத்தில் எத்தனை பிள்ளைகள் நகராமல் நின்றார்கள் என்று எழுதலாம். எல்லாருக்குமான ஏற்பாடு எல்லாரையும் எட்டும் என்பதற்குக் அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டமே கண்ணெதிரில் உள்ள சாட்சி. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியபோது அது அந்தப் பள்ளிகளின் ஒன்று முதல் ஐந்து வரையிலான அத்தனை பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது. பின்னர் மாநிலத் திட்டக் குழு பார்த்தபோது அவற்றில் பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. வருகையில் ஏற்பட்ட அந்த உயர்வும் பிள்ளைகளின் சாதனைதான். அதையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

மாதந்தோறும் நடக்கும் உங்கள் கூட்டத்தில் அடுத்த முறை இதை ஒரு பொருளாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்புவாரியாக ஜூன் மாத நிலையும் இப்போதைய நிலையும், நூறு நாளுக்கு எண்பது நாளாவது வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, கலை நிகழ்ச்சியிலோ விளையாட்டிலோ ஒருமுறையேனும் பங்கெடுத்தவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரு தாளில் அடங்கும். ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் அதை வாசித்த பிறகு, நகல் ஒன்றைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இன்னொன்றை அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். நகர்ப்புறப் பள்ளியாக இருந்தால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். குழு மாறும்போது புதிதாக வருபவர்களிடம் அந்தத் தாள்களைச் சேர்த்துக் கொடுங்கள். இன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது, ஐந்து ஆண்டுகளின் தாள்கள் ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மீது அக்கறை கொண்ட ஒரு கட்டுரையாளர்